காணும் அவையும் காணா அவையும்

தமிழகத்திற்கு வெளியே வாழும் நம்மில் பலருக்கு மேடையேறும் வாய்ப்பு எப்போதேனும் வந்து சேர்கிறது. தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு விழாவிலோ, பல்கலைக்கழகம் ஒன்றின் மாநாட்டிலோ, 'நீங்கள் வாழும் பகுதியின் தமிழரைப் பற்றிச் சிறிது பேசுங்கள்' என்று கேட்கிறார்கள். நாமும் மகிழ்ந்து ஒப்புக்கொள்கிறோம். ஒப்புக்கொண்ட அன்றிரவே கவலை தொடங்குகிறது. என்ன பேசுவது? எவ்வளவு நேரம் பேசுவது? யார் முன்னே பேசுவது? முதல் இரண்டு வினாக்களுக்கும் விடை காண்பது அத்துணைக் கடினமன்று. மூன்றாம் வினாவுக்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றையே ஈண்டுச் சுருக்கமாகக் கூற விரும்புகிறோம்.

மைய அரசின் அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்புப் பணி செய்யும் நமக்கு இவ்வாய்ப்பு மைசூரில் வாய்த்தது. எல்லைப்புற மக்களைப் பற்றிய மாநாடு. இருபது நிமிட நேரம். அதில் ஐந்து நிமிடம் வினா விடைக்கு. அழைப்புக் கடிதத்தின் அடியில், 'மாநாடு கலப்பு முறையில் நடைபெறும்' என்று ஒரு வரி இருந்தது. கலப்பு மாநாடு என்பது இந்நாளில் பலரும் அறிந்ததே. பேசுவோரிலும் கேட்போரிலும் ஒரு பகுதியினர் மண்டபத்தில் அமர்ந்திருப்பர். மற்றவர் தத்தம் ஊர்களில் இருந்தபடியே இணையத்தின் வழியாகக் கலந்துகொள்வர். 2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் பெருந்தொற்றால் மண்டபங்கள் மூடப்பட்டபோது மாநாடுகள் அனைத்தும் திரைக்குள் புகுந்தன. பிறகு மண்டபக் கதவுகள் திறந்தன. எனினும் திரை வெளியேறவில்லை. இரண்டும் சேர்ந்தே நிலைத்துவிட்டன.

நாம் தேர்ந்துகொண்ட பொருள் மார்டள்ளி. கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாகத் தென்கிழக்கே சென்றால், மாதேசுவரன் மலைக் காடுகளை அடுத்து இவ்வூர் உள்ளது. மேலும் சென்றால் பாலாற்றருகே தமிழக எல்லை. அதனைத் தாண்டினால் மேட்டூர். மார்டள்ளியில் தமிழ் பேசும் மக்கள் மிகுதி. அவர்களிற் பலர் கத்தோலிக்கர். கடைவீதியில் நின்றால் தமிழும் கன்னடமும் ஒரே வாக்கியத்தில் கைகோத்து நடப்பதைக் கேட்கலாம். இவ்வூரைப் பற்றிப் பேசுவதற்கு நாம் எழுதிய முதல் வரைவின் தலைப்பு, 'கொள்ளேகால் எல்லையில் குடியேறிய தமிழர்' என்பது. அத்தலைப்பு பின்னர் என்னவாயிற்று என்பதை உரிய இடத்திற் கூறுவோம்.

பேசுவோன் தன் அவையை அறிந்து பேசவேண்டும் என்பது நம் முன்னோர் நன்கு எண்ணிப் பார்த்த பொருள். வள்ளுவர் 'அவையறிதல்' என்று ஓர் அதிகாரமும், அதனையடுத்து 'அவையஞ்சாமை' என்று மற்றோர் அதிகாரமும் வகுத்தார். அறிதல் முன்னும் அஞ்சாமை பின்னுமாக அவை அமைந்திருப்பது கருதத்தக்கது. காப்பியம் பாடியோர் அவையடக்கம் பாடினர். நூல்கள் கற்றோர் முன்னிலையில் அரங்கேறின. ஆனால் இவையனைத்தும் கண்முன்னே அமர்ந்திருக்கும் அவையைப் பற்றியவை. முகம் சுளிப்பதையும் தலை அசைவதையும் கண்டு புலவன் தன் சொல்லைத் திருத்திக்கொள்ள முடிந்தது. கண்ணுக்குத் தெரியாத அவை என்பது பிற்காலம் நமக்குத் தந்த சோதனை.

மார்டள்ளிப் பகுதியைப் பற்றிப் பிறர் பேசிய வரலாற்றை நோக்கினால் இச்சோதனையின் மறுபக்கம் தெரியும். 1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின் கொள்ளேகால் பகுதி ஆங்கிலக் கம்பெனியின் ஆட்சிக்கு வந்து, கோயமுத்தூர் ஜில்லாவோடு சேர்க்கப்பட்டது. மறு ஆண்டே, கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லியின் ஆணைப்படி பிரான்சிஸ் புக்கானன் என்னும் மருத்துவர் சென்னையிலிருந்து புறப்பட்டு மைசூர் நாட்டைச் சுற்றிப் பார்த்தார். கொள்ளேகால், கௌதள்ளி முதலிய ஊர்களைக் கடந்து காவேரிபுரம் கணவாய் வழியாக இறங்கினார். மண்ணின் தன்மை, விளைச்சல், வரி, சாதி வழக்கம் ஆகிய எல்லாவற்றையும் துபாஷிகள் வாயிலாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அவருடைய பயண நூல் 1807இல் இலண்டன் நகரில் மூன்று தொகுதிகளாக வெளிவந்தது. இன்றும் ஆராய்ச்சியாளர் போற்றும் நூல் அது. ஆயினும், அவர் வினவிய உழவரில் எவர் காதிலேனும் அந்நூலின் ஒரு வரியேனும் விழுந்திருக்குமா? அவர்களைப் பற்றிய அவை இலண்டனில் கூடியது. அவர்கள் அந்த அவையில் இல்லை.

ஒன்றரை நூற்றாண்டு கழித்து மற்றோர் அவை கூடிற்று. 1953ஆம் ஆண்டின் இறுதியில் பசல் அலி தலைமையில் மாநிலச் சீரமைப்பு ஆணைக்குழு அமைந்தது. குஞ்சுரு, பணிக்கர் ஆகியோர் அதன் உறுப்பினர். நாடெங்கும் சென்று 9,000 பேருக்கு மேற்பட்டோரை அவர்கள் நேரிற் கண்டனர். வந்து குவிந்த ஆவணங்களோ 1,50,000க்கும் மேல். 1955 செப்டம்பரில் அறிக்கை தரப்பட்டது. 1956 நவம்பர் முதல் நாளன்று, கொள்ளேகால் தாலுகா சென்னை மாநிலத்தின் கோயமுத்தூர் ஜில்லாவிலிருந்து மைசூர் மாநிலத்திற்கு மாறி, மைசூர் ஜில்லாவின் பகுதியாயிற்று. தாலுகாவை ஓர் அலகாகக் கொண்டு பார்க்கையில் கன்னடம் பேசுவோரே பெரும்பான்மையர். ஆகவே அம்முடிவு இயல்பானதே. ஆனால் எந்த அலகினுள்ளும் சில சிற்றூர்கள் வேறு மொழி பேசும். மார்டள்ளி அத்தகையதோர் ஊர்.

இனி, காணா அவையின் வரலாற்றுக்கு வருவோம். மைசூர் நகருக்கு இதில் சிறப்பானதோர் இடம் உண்டு. 1935ஆம் ஆண்டு அந்நகரில் இருவகை அவைகள் கூடின. அவற்றுள் ஒன்று அகில இந்தியக் கீழ்த்திசை மாநாட்டின் எட்டாவது அமர்வு. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் அறிஞர்கள் இரயிலேறி வந்து ஒரே கூரையின்கீழ் அமர்ந்து கட்டுரை வாசித்தனர். மற்றதோ ஒரு பேராசிரியரின் இல்லத்தில் கூடிற்று. கூடிற்று என்று சொல்வதுகூடப் பொருந்தாது. மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி, 30 வாட் ஆற்றலுள்ள சிறிய ஒலிபரப்பி ஒன்றை வீட்டில் அமைத்து, செப்டம்பர் 10ஆம் நாள் ஒலிபரப்பைத் தொடங்கினார். அதற்குச் சூட்டிய பெயர் 'ஆகாசவாணி'. பிற்காலத்தில் நாடு முழுவதற்குமான வானொலியின் பெயராக அது வளர்ந்ததை நேயர்கள் அறிவர். ஒரே ஆண்டில், ஒரே நகரில், காணும் அவையும் காணா அவையும் தனித்தனியே இருந்தன. மண்டபத்தில் வாசித்தவர் வானொலியைப் பற்றி எண்ணவில்லை. வானொலியில் பேசியவர் முகங்களைக் காணவில்லை.

வானொலி தமிழுக்கும் புதியதொரு பேச்சு முறையைக் கற்பித்தது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938 ஜூனிலும், திருச்சி நிலையம் 1939 மேயிலும் தொடங்கின. இலண்டன் பி.பி.சி. 1941இல் தமிழ் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. அதற்குத் 'தமிழோசை' என்று பெயரிட்ட சோ. சிவபாதசுந்தரம், 'ஒலிபரப்புக் கலை' என்று ஒரு நூலே எழுதினார். மேடையில் ஆயிரம் பேரை நோக்கி முழங்கியவர்கள், ஒலிவாங்கியின் முன் ஓர் அறையில் ஒருவரோடு உரையாடுவதுபோலப் பேசக் கற்றனர். பேச்சை முன்கூட்டியே முழுமையாக எழுதினர். கடிகாரத்தை வைத்து அளந்தனர். கண்ணால் மட்டும் விளங்கும் அட்டவணைகளைக் காதால் விளங்கும் வாக்கியங்களாக மாற்றினர். இவ்வளவு கற்பித்த வானொலி ஒன்றை மட்டும் தரவில்லை. கேட்டவர் மறுமொழி சொல்ல விரும்பினால், அஞ்சலட்டை வாங்கி எழுதி, வாரக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது.

மறுமொழி சொல்லும் காணா அவையும் உலகில் முன்னரே ஒருமுறை கூடியதுண்டு. 1916 மே 16ஆம் நாள், அமெரிக்க மின்பொறியாளர் கழகம் தன் கூட்டத்தைத் தொலைபேசிக் கம்பி வழியாகப் பல நகரங்களில் ஒருசேர நடத்திற்று. நியூயார்க், பாஸ்டன், அட்லாண்டா, சிகாகோ, சான்பிரான்சிஸ்கோ முதலிய நகரங்களில் மண்டபங்கள் நிறைந்தன. 5,000க்கு மேற்பட்ட உறுப்பினர்கள் தத்தம் இருக்கையில் இருந்த கேள்கருவியைக் காதில் வைத்துக் கேட்டனர். தலைவர் ஜான் கார்ட்டி நியூயார்க்கில் இருந்தபடி கூட்டத்தை நடத்தினார். ஒவ்வொரு நகரமும் தனக்குரிய உள்ளூர்க் கூட்டத்தையும் உடன் நடத்திக்கொண்டது. நூறாண்டுக்கு முன்னரே கலப்பு மாநாட்டின் கரு உருவாகிவிட்டது என்று இதனைச் சொல்லலாம். ஆனால் கம்பிச் செலவு மிகுதி. பொறியாளர் கழகத்திற்கு எளிதாயிருந்தது புலவர் கழகங்களுக்கு எளிதாகவில்லை.

நம் புலவர்கள் கடல் கடந்தே கூடவேண்டியிருந்தது. 1964 ஜனவரியில், தில்லியில் நடந்த கீழ்த்திசையாளர் பேரவையின்போது, தனிநாயகம் அடிகளின் முயற்சியால் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றிற்று. அதன் முதல் மாநாடு 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் கூடியது. அடுத்தது 1968 ஜனவரியில் சென்னையில். மூன்றாவது 1970இல் பாரிசில். பெருமைக்குரிய தொடக்கம் அது. ஆயினும் விமானச் சீட்டும் விடுப்பும் வாய்த்தவரே அங்குச் சென்றனர். மற்றவர்கள் கட்டுரைத் தொகுதி அச்சாகி வரும் வரையில் காத்திருந்தனர். மலேயாவின் தோட்டத் தொழிலாளரைப் பற்றியும் எல்லைப்புறச் சிற்றூர்களைப் பற்றியும் இத்தகைய மண்டபங்களில் எவ்வளவோ பேசலாம். அம்மக்கள் அதனைக் கேட்பதற்கு வழி இல்லை.

இப்போது அவ்வழி திறந்திருக்கிறது. கலப்பு மாநாட்டின் சிறப்பை எண்ணும்போது பலரும் கோலாலம்பூரையும் டொரண்டோவையும் எண்ணுவர். நமக்கும் முதலில் அவ்வாறே தோன்றிற்று. பிறகு அழைப்பிதழைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தபோது, அதே இணைப்பைத் தட்டினால் மார்டள்ளியிலிருந்தும் கேட்கலாமே என்பது மனத்திற் பட்டது. யாரைப் பற்றிப் பேசப் போகிறோமோ அவர்களே அவையில் இருப்பார்கள்! அப்படியானால், திரையில் கேட்கும்போது முதன்முறையாக அவர்கள் அதிர்ச்சி அடைதல் தகாது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைவை எடுத்துக்கொண்டு மார்டள்ளி சென்றோம்.

முன்பே அறிமுகமான ஒரு குடும்பத்தார் திண்ணையில் பாய் விரித்தனர். அண்டை வீட்டாரும் வந்தனர். நாம் வாசித்தோம். தலைப்பைக் கேட்டவுடனேயே, எழுபத்தைந்து வயதைத் தாண்டிய பெரியவர் ஒருவர் கையை உயர்த்தினார்.

"தம்பி, குடியேறியவர் என்று யாரைச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"உங்களைத்தான் ஐயா" என்றோம்.

அவர் சிரிக்கவில்லை. "நான் பிறந்தது கோயமுத்தூர் ஜில்லா. என் மகன் பிறந்தது மைசூர் ஜில்லா. இதோ நிற்கிறானே பேரன், இவன் சாமராஜநகர் ஜில்லா. மூன்று பேரும் பிறந்தது இந்த ஒரு வீட்டில்தான். நாங்கள் எங்கிருந்து எங்கே குடியேறினோம் என்று பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

கணக்கிட்டுப் பார்த்தால் அவர் கூறியது முற்றிலும் சரியே. அவர் பிறந்தது 1956க்கு முன். மகன் அதற்குப் பின். 1997இல் மைசூர் ஜில்லாவிலிருந்து சாமராஜநகர் ஜில்லா பிரிந்த பின்னர்ப் பிறந்தவன் பேரன். பின்னர் ஹனூரும் தனித் தாலுகாவாயிற்று. வீட்டின் கூரை ஓடு மாறியிருக்கலாம், இடம் மாறவில்லை. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு வெட்கமாக இருந்தது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பிறந்த இடம் வேறு, கணக்கெடுக்கப்பட்ட இடம் வேறு என்றால்தான் ஒருவர் இடம்பெயர்ந்தவராவார். அவ்விளக்கத்தை அலுவலகத்தில் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். இருந்தும், தமிழ் பேசுவோர் தமிழகத்திற்கு வெளியே இருந்தால் அவர் வந்தேறியவரே என்னும் பழக்கம் நம் எழுதுகோலில் ஊறியிருந்தது.

இது வெறும் சொற்பிழை அன்று. 1956இல் செய்யப்பட்ட அரசியலமைப்பின் ஏழாவது திருத்தம் 350ஏ, 350பி என்னும் உறுப்புகளைச் சேர்த்தது. மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியில் தாய்மொழி வாய்ப்பு அளிக்க முயலவேண்டும் என்று முன்னது கூறுகிறது. அவர்கள் நலனை ஆராயத் தனி அலுவலர் வேண்டும் என்று பின்னது கூறுகிறது. எல்லைகள் மாறும்போது இருந்த இடத்திலேயே சிறுபான்மையராகிவிடும் மக்களை எண்ணியே இவை எழுந்தன. இருந்தவருக்கும் வந்தவருக்கும் இடையே சட்டம் வேற்றுமை பாராட்டவில்லை. கேட்போர் மனமோ பாராட்டுகிறது. குடியேறியவர் ஒரு தமிழ்ப் பள்ளி கேட்டால் விருந்தாளி விருப்பம் தெரிவித்ததாகக் கொள்வர். அந்த மண்ணின் குடி கேட்டால் அதன் எடை வேறு. பதினைந்து நிமிடப் பேச்சில் நாம் அறியாமல் இட்ட ஒரு சொல், நாளை மற்றோர் ஆராய்ச்சியாளரின் கட்டுரையில் மேற்கோளாகி, பிறகு ஒரு கோப்பில் குறிப்பாகி நிலைத்துவிடக்கூடும்.

தலைப்பை மாற்றினோம்: 'ஒரே வீடு, மூன்று ஜில்லாக்கள்'. தலைப்பு மாறியதும் உள்ளடக்கமும் மாறிற்று. பெரியவரின் குடும்பத்தை முதலில் வைத்து, 1799, 1956, 1997 ஆகிய மூன்று ஆண்டுகளையும் அவ்வீட்டு வாசலில் நின்று பார்ப்பதுபோல் அமைத்தோம். மண்டபத்தில் கன்னட அறிஞர்களே மிகுதியாக இருப்பர் என்பதால், கன்னடத்தில் ஒரு பக்கச் சுருக்கத்தை எழுதி முன்கூட்டியே அனுப்பினோம். எல்லையைப் பற்றிய பேச்சு எதுவும் எல்லைச் சண்டையாகக் கேட்கப்படும் அபாயம் உண்டு. அண்டை வீட்டார்மேல் குறை சொல்வதற்கு நாம் வரவில்லை என்பது முதல் நிமிடத்திலேயே அவர்களுக்கு விளங்கவேண்டும்.

மற்ற ஆயத்தங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நிதானமாக வாசித்தால் நிமிடத்திற்குத் தொண்ணூறு சொற்கள் என்று அளந்து, பேச்சை 1,350 சொற்களுக்குள் நிறுத்தினோம். படங்களில் எழுத்தைப் பெரிதாக்கினோம். கைபேசித் திரையில் பார்ப்பவருக்கு எழுத்துச் சிறுத்துப் போகும். முன்பொரு மாநாட்டில், முன்வரிசையிலிருந்து ஒருவர் ஒலிவாங்கி இன்றிக் கேட்ட வினா திரையில் இருந்தோருக்கு எட்டவில்லை. விடை மட்டும் எட்டிற்று. அதனை நினைவிற்கொண்டு, எவ்வினாவையும் ஒலிவாங்கியில் திருப்பிச் சொன்ன பின்னரே விடை கூறுவது என்று முடிவு செய்தோம். மின்சாரம் நின்றால் வாசிப்பதற்கு அச்சுப் படி ஒன்று சட்டைப் பையில் இருந்தது. மைசூரில் காலை பத்து மணியென்றால் கோலாலம்பூரில் பகல் பன்னிரண்டரை; டொரண்டோவிலோ நள்ளிரவை ஒட்டிய நேரம். ஆகவே நம் அமர்வை மாலைக்கு மாற்றித் தருமாறு வேண்டினோம்; இசைந்தனர். மாலை நேரம் மார்டள்ளிக்கும் ஏற்றதாயிற்று. வயல் வேலை முடிந்திருக்கும். பெரியவரின் குடும்பத்தைப் பற்றிச் சொல்வதற்கும், பேச்சைப் பதிவு செய்வதற்கும் அவருடைய இசைவைப் பெற்றிருந்தோம், பெயரைச் சொல்லவேண்டாம் என்றார், சொல்லவில்லை.

மாநாட்டு நாளில் பேச்சு குறித்த நேரத்தில் முடிந்தது. மண்டபத்திலிருந்து இரண்டு வினாக்கள் வந்தன. மூன்றாவதாகத் திரையில் ஒரு சிறு கட்டம் ஒளிர்ந்தது. பேரனின் கைபேசி, அதே திண்ணை, அதே பெரியவர். "ஜில்லாக்களைச் சரியாகச் சொன்னீர்கள் தம்பி. ஆனால் என் மருமகள் பள்ளியில் கன்னடம் கற்றுக்கொடுக்கிறாள். இந்த ஊர்ப் பிள்ளைகள் அவளிடம்தான் கன்னடம் படித்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே" என்றார். மண்டபத்தில் இருந்த கன்னட அறிஞர்கள் கை தட்டினர். நாம் அவ்வினாவைக் கன்னடத்தில் ஒருமுறை திருப்பிச் சொல்லி, பிழையை ஒப்புக்கொண்டோம். அச்சுக்குச் செல்லும் கட்டுரையில் அச்செய்தி சேர்க்கப்பட்டுள்ளது.

தாராவியிலும் கோலார் தங்கவயலிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் நேயர்களுக்கும் நாளை இத்தகைய அழைப்பு வரலாம். நூலகத்திற்குச் செல்லுங்கள், ஆண்டுகளைச் சரி பாருங்கள், கடிகாரம் வைத்துப் பேசிப் பாருங்கள். அவற்றோடு, யாரைப் பற்றிப் பேசுகிறீர்களோ அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, எழுதியதை ஒருமுறை உரக்க வாசித்தும் பாருங்கள். அவையறிதல் இந்நாளில் அங்கிருந்தே தொடங்குகிறது.